சாலி ரைடு (1951–2012)

சாலி கிறிஸ்டன் ரைடு அமெரிக்க இயற்பியலாளர். விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண். 1951 மே 26 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். 2012 ஜூலை 23 அன்று கலிபோர்னியாவின் லா ஹொய்யாவில் காலமானார். 1983 ஜூனிலும் 1984 அக்டோபரிலும் ‘சேலஞ்சர்’ விண்ணோடத்தில் பறந்தார். இரண்டு பயணங்களையும் கூட்டினால் 343 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அதாவது 14 நாளும் சில மணியும். பொது அறிவு நூல்கள் பெரும்பாலும் அந்த 14 நாளோடு அவரை முடித்துவிடுகின்றன. ஆனால் 1986-இல் சேலஞ்சரும் 2003-இல் ‘கொலம்பியா’வும் அழிந்தபோது அமைக்கப்பட்ட இரண்டு விசாரணைக் குழுக்களிலும் உறுப்பினராக இருந்தவர் உலகிலேயே அவர் ஒருவர்தான். விண்வெளி வரலாற்றில் அவருடைய இடத்தை இந்த இரண்டாவது செய்தியை வைத்து அளப்பதே சரி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. முதல் பெண் என்ற பெயர் அவருக்குச் சில அறைகளின் கதவைத் திறந்துவிட்டது. அந்த அறைகளுக்குள் அவர் செய்ததுதான் அவருடைய பணி.

‘முதல்’ என்ற அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டாலும் ரைடுக்கு அது பெரிதாக உதவாது. சோவியத் ஒன்றியத்தின் வாலென்டினா டெரெஷ்கோவா 1963 ஜூன் 16 அன்றே வோஸ்டாக்-6 கலத்தில் தனியாகப் புறப்பட்டு, பூமியை 48 முறை சுற்றித் திரும்பியிருந்தார். 1982-இல் ஸ்வெத்லானா சவிட்ஸ்கயா சல்யூத்-7 நிலையத்துக்குப் போய்வந்தார். ரைடு உலக வரிசையில் மூன்றாமவர், அதுவும் முதல்வருக்கு 20 ஆண்டு பின்னால். இருந்தும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். டெரெஷ்கோவாவுடன் பயிற்சி பெற்ற பெண்கள் குழு ஒருவர்கூடப் பறக்காமலே 1969-இல் கலைக்கப்பட்டது. அவருக்கும் சவிட்ஸ்கயாவுக்கும் நடுவே 19 ஆண்டு வெற்றிடம். அமெரிக்காவில் 1978 ஜனவரியில் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள்: ரைடு, ஜூடித் ரெஸ்னிக், கேத்ரின் சல்லிவன், அன்னா ஃபிஷர், ரியா செடன், ஷானன் லூசிட். ஆறு பேருமே பறந்தார்கள். ஒருவர் போய்வந்ததும் கதவு சாத்திக்கொள்ளவில்லை. இதற்கான பெருமையை ரைடுக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது. சட்டமும் கலத்தின் வடிவமைப்பும் மாறியதால் வந்த மாற்றம் அது.

அந்த மாற்றத்துக்கு முந்தைய நிலை எப்படி இருந்தது? நாசாவின் தொடக்க கால விதிகளில் பெண்கள் கூடாது என்று ஒரு வரியும் இல்லை. ஜெட் விமானச் சோதனை ஓட்டியாக இருந்தவரே விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் இருந்தது. ராணுவமோ பெண்களை அந்த வேலையில் சேர்த்ததே இல்லை. ஆக, ஒருவரையும் பெயர் சொல்லி விலக்காமலே பாதிப்பேரை விலக்கியாகிவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் லவ்லேஸ் மருத்துவ மையத்தின் கடும் உடல் தகுதிச் சோதனைகளில் ஜெரி காப் உட்பட 13 பெண் விமானிகள் தேறினார்கள். 1962-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக் குழு ஒன்று இதை விசாரிக்கவும் செய்தது. அப்போதுதான் பூமியைச் சுற்றித் திரும்பியிருந்த ஜான் கிளென், பெண்கள் இந்தத் துறையில் இல்லாதது நம் சமூக ஒழுங்கின் ஒரு உண்மை என்ற பொருளில் சாட்சி சொன்னார். பேச்சு அத்தோடு நின்றது. 1972-இல் சம வேலைவாய்ப்புச் சட்டம் மத்திய அரசு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தத் தொடங்கியது. விண்ணோடம் வந்தபோது, ஓட்டும் வேலை இல்லாமல் ஆய்வும் கருவியும் பார்க்கும் ‘பயண வல்லுநர்’ என்ற புதிய பதவி உருவானது. போர் விமானம் ஓட்டாத ஒரு இயற்பியல் மாணவி விண்ணப்பிக்க அந்தப் பதவியே வழி.

ரைடின் தந்தை டேல், சாண்டா மோனிகா கல்லூரியில் அரசியல் அறிவியல் பேராசிரியர். தாய் கரோல் ஜாய்ஸ், பெண்கள் சிறையில் ஆலோசகராகத் தொண்டு செய்தவர். சிறு வயதில் சாலிக்குப் பேர் வாங்கித் தந்தது டென்னிஸ்தான். இளையோர் தேசியத் தரவரிசையில் இடம் பெற்றிருந்தார். ஸ்வார்த்மோர் கல்லூரியில் மூன்று பருவம் படித்துவிட்டு, ஆண்டு முழுவதும் ஆட வெயில் வேண்டும் என்பதற்காகவே கலிபோர்னியாவுக்குத் திரும்பினார். பிறகு விளையாட்டைத் தொழிலாகக் கொள்வதில்லை என்று முடிவெடுத்து ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார். 1973-இல் இயற்பியலிலும் ஆங்கில இலக்கியத்திலும் பட்டம் பெற்றார். ஷேக்ஸ்பியரை விரும்பிப் படித்தவர். 1978-இல் முனைவர் பட்டம். விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயுவோடும் தூசியோடும் எக்ஸ் கதிர்கள் எப்படி வினைபுரிகின்றன என்பது ஆய்வுப் பொருள். ஆய்வை முடிக்கும் தறுவாயில், 1977-இல், நாசா ஆள் எடுக்கிறது என்ற செய்தியைப் பல்கலைக்கழக மாணவர் நாளிதழில் பார்த்து விண்ணப்பித்தார். விண்ணப்பித்தவர்கள் 8,000 பேருக்கும் மேல்.

தேர்வானவுடன் பறந்துவிடவில்லை. 1981 நவம்பரிலும் 1982 மார்ச்சிலும் நடந்த விண்ணோடத்தின் இரண்டாம், மூன்றாம் பயணங்களின்போது ஹியூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, மேலே இருப்பவர்களோடு வானொலியில் பேசும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் அத்தனை வல்லுநர்களின் கருத்தும் அந்த ஒரே குரல் வழியாகத்தான் மேலே போகும். சொல்லைச் சுருக்கவும் பதற்றத்தை மறைக்கவும் தெரிந்தவர்களுக்கே அந்த இருக்கை கிடைக்கும். இன்னொரு வேலை, கனடா செய்துகொடுத்த 15 மீட்டர் நீள இயந்திரக் கை. தோள், முழங்கை, மணிக்கட்டு என மனிதக் கையின் அமைப்பில் ஆறு மூட்டுகள் கொண்டது. சுற்றுப்பாதையின் எடையின்மையில் டன் கணக்கான பொருளைத் தூக்கும். தரையிலோ தன் எடையையே தூக்க முடியாது. ஆகவே அதை ஓட்டிப் பழகப் பாவனைக் கருவிகள்தான் கதி. அந்தப் பாவனைகளையும் கையின் இயக்க முறைகளையும் சோதித்துத் திருத்தும் வேலையில் ரைடு நாள்கணக்கில் ஈடுபட்டார். முதல் பயணத்துக்கு அவரைத் தளபதி ராபர்ட் கிரிப்பன் ஏற்றதில் இந்தத் தேர்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

அவரைவிடத் தகுதியில் குறையாத ஐந்து பெண்கள் இருந்தார்களே, ரெஸ்னிக்கும் அதே இயந்திரக் கையில் தேர்ந்தவர்தானே, ஊடக வெளிச்சத்தைத் தாங்கும் நிதானம் இருந்ததால்தானே ரைடைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆறு பேரில் யாரை அனுப்பியிருந்தாலும் பயணம் நன்றாகவே முடிந்திருக்கும். அதனால்தான் முதலிடத்தை அவருடைய சாதனைகளில் தலையாயதாக வைப்பது பொருந்தவில்லை. அந்த இடம் ஒரு நிர்வாக முடிவில் கிடைத்தது.

அந்த இடத்தோடு சேர்ந்து வந்த தொல்லையையும் பதிவு செய்ய வேண்டும். பயணத்துக்கு முந்தைய செய்தியாளர் கூட்டங்களில், வேலையில் ஏதாவது தவறிப்போனால் அழுவீர்களா என்று கேட்டார்கள். விண்வெளிக்குப் போனால் கருவுறும் உறுப்புகள் கெடாதா என்று கேட்டார்கள். கூடப் பறக்கும் ஓட்டி ரிக் ஹாக்கிடம் ஏன் இதையெல்லாம் கேட்பதில்லை என்று திருப்பிக் கேட்டதுதான் அவருடைய பதில். தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜானி கார்சன், காலணிக்குப் பொருத்தமான கைப்பையை அவர் தேடி முடிக்கும்வரை பயணம் தள்ளிப்போகும் என்று கேலி செய்தார். நாசாவின் பொறியாளர்களும் சளைத்தவர்களல்லர். ஒரு வாரப் பயணத்துக்கு மாதவிடாய்த் தேவைக்காக 100 டாம்பன்கள் போதுமா என்று அவரிடம் உண்மையிலேயே கேட்டார்கள். ஒப்பனைப் பெட்டி ஒன்றையும் வடிவமைத்தார்கள். கிராம் கணக்கில் எடையை அளக்கும் நிறுவனம், பாதி மனித குலத்தைப் பற்றிய ஒரு சாதாரணத் தகவலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வடிவமைப்பில் இறங்கியிருந்தது. இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வது வழக்கம். தெரிந்தவர்களிடம் கேட்காமல் முடிவெடுக்கும் பழக்கம் அங்கே வேறு இடங்களிலும் இருந்தது; அங்கே விளைவு சிரிப்பாக இல்லை.

1983 ஜூன் 18 அன்று எஸ்டிஎஸ்-7 என்ற அந்த முதல் பயணம் தொடங்கியது. கிரிப்பன், ஹாக், ஜான் ஃபேபியன், நார்மன் தகார்டு ஆகியோரோடு ரைடு. அப்போது அவருக்கு வயது 32. கனடாவின் அனிக், இந்தோனேசியாவின் பலாப்பா ஆகிய இரண்டு செய்தித் தொடர்புச் செயற்கைக்கோள்களை அந்தக் குழு விடுவித்தது. ஜெர்மனியில் செய்த ஸ்பாஸ் என்ற மேடையை இயந்திரக் கையால் வெளியே விட்டு, அது தனியே மிதக்க, மறுபடியும் பிடித்து உள்ளே வைத்தார்கள். கோள் ஒன்றைக் கையால் விட்டுப் பிடித்தது அதுவே முதல் தடவை. பிடித்தவர்களில் ரைடு ஒருவர். அந்த மேடையிலிருந்த கேமராதான் சுற்றுப்பாதையில் ஒரு விண்ணோடத்தின் முழு உருவத்தை முதன்முதலில் படமெடுத்தது. இதே பயணத்தில், அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இன்னொன்றும் நடந்தது. வெளிப்புற எரிபொருள் தொட்டியின் முன்தாங்கிக் காலைப் போர்த்தியிருந்த வெப்பக் காப்பு நுரையில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அந்த இடத்து நுரை பெயர்ந்ததாகத் தெரியவந்த முதல் நிகழ்வு இதுதான் என்று 20 ஆண்டு கழித்து கொலம்பியா விசாரணை பட்டியலிட்டது. 1983-இல் அது பதிவாகியது. அடுத்த பயணம் ஆகஸ்டில் வழக்கம்போல் கிளம்பியது.

இரண்டாவது பயணம் 1984 அக்டோபர் 5 முதல் 13 வரை. ஏழு பேர் சென்ற அந்தக் குழுவில் சல்லிவனும் இருந்தார். இரண்டு பெண்கள் ஒரே கலத்தில் பறந்தது அதுவே முதல் முறை. விண்நடை போட்ட முதல் அமெரிக்கப் பெண்ணாகச் சல்லிவன் ஆனதும் அப்போதுதான். பூமியின் வெப்ப வரவு செலவை அளக்கும் இஆர்பிஎஸ் என்ற கோளை விடுவிக்கும் பொறுப்பு ரைடுடையது. கையின் நுனியில் கோளைப் பிடித்தபடி சூரியத் தகடுகளை விரிக்கச் சொன்னால், ஒரு தகடு அசையவில்லை, கீல் உறைந்துபோயிருந்தது. கையை ஆட்டிக் கோளை உலுக்கிப் பார்த்தார். பிறகு தகடு இருக்கும் பக்கத்தை வெயிலில் காட்டினார். சற்று நேரத்தில் கீல் இளகித் தகடு விரிந்தது. இரண்டு ஆண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பிய கோள் 2005 வரை வேலை செய்தது. அதிலிருந்த கருவியொன்றின் ஓசோன் அளவீடுகள், ஓசோன் படலம் மெலிவதை உலகம் ஒப்புக்கொள்ள உதவிய சான்றுகளில் சேர்ந்தன. ரைடின் இரண்டு பயணங்களிலும் அறிவியலுக்கு நீண்ட பயன் தந்த நிமிடங்கள் எவை என்று கேட்டால், அந்த உலுக்கலைத்தான் காட்ட வேண்டும்.

மூன்றாம் பயணத்துக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, 1986 ஜனவரி 28 அன்று, புறப்பட்ட 73-ஆம் வினாடியில் சேலஞ்சர் சிதறியது. இறந்த ஏழு பேரில் ஸ்கோபி, ரெஸ்னிக், ஒனிசுகா, மெக்நேர் நால்வரும் 1978-இல் ரைடோடு சேர்ந்தவர்கள். அதிபர் ரீகன் அமைத்த ரோஜர்ஸ் ஆணையத்தில் ரைடு உறுப்பினரானார். அதில் பெண் அவர் ஒருவரே. அப்போது நாசாவில் பணியில் இருந்த விண்வெளி வீரரும் அவர் ஒருவரே. கோளாறு நடந்த இடம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பக்கவாட்டுத் திட எரிபொருள் ராக்கெட் பல துண்டுகளாகச் செய்யப்பட்டு, ஏவுதளத்தில் பொருத்தப்படுவது. பொருத்தின் இடைவெளியை இரண்டு ரப்பர் வளையங்கள் அடைத்திருக்கும். வளையத்தின் குறுக்களவு 3.7 மீட்டர், ரப்பரின் தடிமனோ 7 மில்லிமீட்டர். ராக்கெட் பற்றியவுடன் உள்ளழுத்தத்தில் சுவர் புடைக்கும், பொருத்து சற்றே திறக்கும். நொடியின் ஒரு சிறு பங்குக்குள் ரப்பர் விரிந்து அந்த இடைவெளியை நிரப்பியாக வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துவிடும். அதற்கு முன் ஏவியதில் மிகக் குளிரான நாளில் வெப்பம் 12 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தது. ஜனவரி 28 காலையில் ஏவும் நேரத்தில் இருந்தது 2 டிகிரி. முந்தின இரவு தொலைபேசிக் கூட்டத்தில் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனப் பொறியாளர்கள் வேண்டாம் என்று வாதாடி, தங்கள் நிர்வாகத்தாலேயே மறுக்கப்பட்டிருந்தார்கள்.

இந்த உண்மை வெளிவந்ததில் ரைடின் பங்கு அவர் இறந்த பிறகே வெளியே தெரிந்தது. ஆணையத்தின் இன்னொரு உறுப்பினரான விமானப்படை மேஜர் ஜெனரல் டொனால்டு குட்டினா அதைச் சொன்னார். இருவரும் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தபோது ரைடு ஒன்றும் பேசாமல் ஒரு தாளை அவர் கையில் கொடுத்தார். தாளில் இரண்டு பத்தி எண்கள்: ஒன்று வெப்பநிலை, மற்றது அந்த வெப்பத்தில் ரப்பர் வளையம் பழைய வடிவுக்குத் திரும்பும் திறன். குளிரக் குளிர வளையம் மந்தமாகிறது என்பது அதைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். நாசாவுக்கு இது தெரிந்தே இருந்தது என்பதும் அதே தாளிலிருந்து விளங்கும். தாளை வெளியே காட்டினால் அது வந்த வழி தெரிந்துபோகும். கொடுத்தவர்களின் வேலை போகும். ஆகவே குட்டினா, தான் பழுதுபார்த்துக்கொண்டிருந்த காரின் கார்புரேட்டரைச் சாக்காக வைத்து, குளிரில் ரப்பர் என்ன ஆகும் என்று இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மனிடம் பேச்சை எடுத்தார். எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாத ஃபைன்மன் மீதியைப் பார்த்துக்கொண்டார். பிப்ரவரி 11 அன்று, கேமராக்களுக்கு முன்னால், வளைய ரப்பரின் துண்டை இறுக்கியில் பிடித்து ஐஸ் தண்ணீர்க் கோப்பையில் போட்டு, வெளியே எடுத்து, அது பழைய வடிவுக்குத் திரும்பாததைக் காட்டினார். அந்தக் காட்சிதான் உலகுக்கு நினைவிருக்கிறது.

இந்தச் செய்தியின் மேல் இரண்டு ஆட்சேபங்கள் வைக்கலாம். முதலாவது, ஒரே சாட்சி, அதுவும் பல ஆண்டு கழித்து, உரியவர் மறுக்கவோ ஒப்பவோ முடியாத நிலையில் சொன்னது. இதன் மேல் எவ்வளவு கட்ட முடியும்? குட்டினா தனக்குப் பெருமை சேர்க்க இதைச் சொல்லவில்லை. ஃபைன்மனுக்கு யோசனை கொடுத்தவர் என்று ஏற்கெனவே கிடைத்திருந்த பெயரில் பாதியை இதனால் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார். தனக்குப் பெயர் குறைய ஒருவர் சொல்லும் சாட்சியத்துக்குக் கூடுதல் மதிப்புத் தருவது வழக்கம்தான். அந்தத் தாள் இல்லாவிட்டாலும் உண்மை வந்தேயிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். தயோக்கால் நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்டு, பிப்ரவரி 10 மூடிய அமர்வில், பின்வரிசையிலிருந்து எழுந்து, ஏவுவதற்கு முந்தின இரவு எழுந்த எதிர்ப்பைச் சொல்லிவிட்டார். ஆனால் பொறியாளர்கள் எதிர்த்தார்கள் என்பது வேறு, எதிர்த்ததற்கு எண்கள் இருந்தன என்பது வேறு. எதிர்ப்பை ‘அபிப்பிராய பேதம்’ என்று ஒதுக்கலாம். இரண்டு பத்தி எண்களை ஒதுக்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் கடுமையானது. ஆணையத்தின் உறுப்பினராக இருந்தவர், கேள்வி கேட்கும் அதிகாரம் கையில் இருந்தும், ஏன் நடைபாதையில் ரகசியமாகக் கொடுத்தார்? எழுந்து நின்று வாசித்திருக்க வேண்டாமா? நாசா ஊழியரான ரைடு அதை வாசித்திருந்தால் விசாரணை தாளின் பொருளை விட்டுவிட்டு, தாள் எங்கிருந்து கசிந்தது என்று தேடப் போயிருக்கும். அடுத்து வாய் திறக்கத் துணிந்த பொறியாளர்கள் அதைப் பார்த்து அடங்கியிருப்பார்கள். சொன்னவர்களைக் காட்டிக்கொடுக்காமல் சொன்னதை மட்டும் சபைக்குக் கொண்டுவர வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கோழைத்தனமாக ஒதுங்கியவர் அல்லர் என்பதற்கு வெளிப்படையான சான்றும் உண்டு. ஏவுவதை எதிர்த்த தயோக்கால் பொறியாளர் ரோஜர் போஜோலே ஆணையத்தில் சாட்சி சொல்லி முடித்ததும், ரைடு அவரைத் தழுவிக்கொண்டார். உடன் வேலை பார்த்தவர்களால் பின்னாளில் ஒதுக்கப்பட்ட அந்த மனிதர், அப்படிச் செய்தது அவர் ஒருவர்தான் என்று செய்தியாளரிடம் சொல்லியிருக்கிறார்.

தாளைப் பற்றிய கதையின் சுவையில், ஆணையத்தில் அவர் தலைமை தாங்கிய பணி மறைந்துவிடுகிறது. பயணத் திட்டமிடலையும் இயக்கத்தையும் ஆராய்ந்த பிரிவு அவருடையது. 1985-இல் ஒன்பது பயணங்கள் நடந்திருந்தன. ஆண்டுக்கு 24 பயணங்கள் என்பது நாசா தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு. உதிரி பாகம் போதாமல் ஒரு விண்ணோடத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினார்கள். பயிற்சிப் பாவனைக் கருவிகள் வரிசையில் நிற்கும் குழுக்களுக்கு ஈடுகொடுக்கவில்லை. பறக்கும் நாள் நெருங்க நெருங்க, பயணத்தின் உள்ளடக்கமே மாறிக்கொண்டிருந்தது. வளையத்தில் தேய்மானம் முந்தைய பயணங்களிலும் காணப்பட்டதுதான். ஒவ்வொரு முறையும் கலம் திரும்பி வந்ததால், அடுத்த முறையும் வரும் என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அட்டவணையின் நெருக்குதலும் பழகிப்போன ஆபத்தும் எப்படிக் கைகோத்தன என்பதைக் காட்டிய பகுதி அது.

விசாரணை முடிந்ததும் ரைடு நாசா தலைமையகத்துக்குப் போனார். 1987 ஆகஸ்டில் அவர் அளித்த அறிக்கை ‘ரைடு அறிக்கை’ என்றே பெயர் பெற்றது. நான்கு திசைகளை அது எடைபோட்டது: விண்ணிலிருந்து பூமியை ஆராய்வது, ஆளில்லாக் கலங்களால் சூரியக் குடும்பத்தை ஆராய்வது, நிலவில் நிலையம், செவ்வாய்க்கு மனிதர். செவ்வாய் ஓட்டப்பந்தயத்தில் முண்டியடித்துப் போவது கூடாது. அப்பல்லோபோல் ஒரு முறை கொடி நட்டுவிட்டு அடுத்து என்ன என்று விழிக்க நேரும் என்பது அவர் எச்சரிக்கை. விண்வெளி வீரர் ஒருவர் பூமி ஆய்வை முதலில் வைத்தது பலருக்கு உவப்பாக இல்லை. அறிக்கை கிடப்பில் போனது, 1989-இல் அதிபர் புஷ் அறிவித்தது மறுபடியும் நிலவும் செவ்வாயும்தானே என்று இதையும் குறைத்துப் பேசலாம். புஷ்ஷின் அறிவிப்பு பணம் இல்லாமல் சில ஆண்டுகளில் கரைந்தது. பூமியை நோக்கிய திட்டமோ 1990-களில் அறிக்கை சூட்டிய பெயராலேயே தொடங்கி, 1999-இல் ‘டெரா’ முதலான கோள்களாக வடிவம் எடுத்தது. இன்று பருவநிலை பற்றிப் பேசும் எவரும் அந்தக் கோள்களின் தரவை எங்காவது பயன்படுத்தியே ஆக வேண்டும்.

1987-இல் அவர் நாசாவை விட்டு விலகினார். ஸ்டான்ஃபோர்டில் ஆயுதக் கட்டுப்பாடு பற்றிய மையத்தில் சில காலம். 1989 முதல் சான் டியேகோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். பள்ளி மாணவர்களே சுற்றுப்பாதைக் கேமராவுக்குக் கட்டளை அனுப்பிப் பூமியைப் படமெடுக்கும் ‘எர்த்காம்’ திட்டத்தைத் தொடங்கினார். 2001-இல், பெண் பிள்ளைகளை அறிவியலில் நிலைக்கவைக்கும் நோக்கத்தோடு ‘சாலி ரைடு சயன்ஸ்’ நிறுவனத்தை நண்பர்களோடு உருவாக்கினார்.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது உடைந்தது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஜனவரி 16 அன்று ஏவிய 82-ஆம் வினாடி அளவில், எரிபொருள் தொட்டியின் முன்தாங்கிக் காலிலிருந்து நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியிருந்தது. ரைடின் முதல் பயணத்தில் பெயர்ந்த அதே இடம். சேதத்தைப் பார்க்க உளவுக் கோள்களால் படமெடுக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டபோது நிர்வாகம் அதைத் தொடரவில்லை. நுரை விழுவது வாடிக்கைதான் என்பது காரணம். ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஹெரால்டு கேமன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவில் ரைடு சேர்க்கப்பட்டார். அமர்வு ஒன்றில் 1986-இன் எதிரொலி தன் காதில் விழுவதாக அவர் சொன்னார். அந்தச் சொல் செய்தித்தாள் தலைப்பானதோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் வெளிவந்த அறிக்கை, இரண்டு விபத்துகளையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடும் ஒரு முழு அத்தியாயம் கொண்டிருந்தது. நுரை எவ்வளவு காரணமோ, நாசாவின் நிர்வாகப் பண்பாடும் அவ்வளவு காரணம் என்று முடிவு சொன்னது.

அப்படியானால் முதல் விசாரணையால் என்ன பயன், அதே நோய் 17 ஆண்டில் திரும்பிவிட்டதே, ரைடின் பெரும்பணி என்று சொல்லப்படுவது தோற்ற பணிதானே என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாதது. ரோஜர்ஸ் ஆணையத்துக்குப் பிறகு பொருத்து புதிதாக வடிவமைக்கப்பட்டது. அதன்பின் எந்தப் பயணத்திலும் அது உயிர் வாங்கவில்லை. நிறுவனத்தின் பழக்கத்தைப் பற்றிய பரிந்துரைகள்தான் நாள்பட நீர்த்தன. அவை நீர்த்துவிட்டன என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? 1986-இன் கோப்புகளை மட்டும் படித்தவர்களால் முடியாது. அந்த அறையில் இருந்து, எந்தச் சொற்களால் அன்று சமாளித்தார்கள் என்று கேட்டவர், 2003-இல் அதே சொற்களை அடையாளம் காண்கிறார். குழுவில் வல்லுநர்கள் பலர் இருந்தார்கள்; சமூகவியலாளர்களின் ஆய்வும் அவர்களுக்குத் துணை நின்றது. அந்த ஆய்வு சொன்னதை, உள்ளே வாழ்ந்த ஒருவர் ஆம் என்று உறுதி செய்ததால் அதற்கு வலுக் கூடியது. 2009-இல் மனிதப் பயணத் திட்டங்களை மறுபரிசீலனை செய்த அகஸ்டின் குழுவிலும் அவர் இருந்தார். அன்றைய நிதி ஒதுக்கீட்டில் பூமியின் சுற்றுப்பாதையைத் தாண்டி மனிதர்களை அனுப்ப முடியாது என்ற கணக்கைச் சபையில் படம் போட்டு விளக்கியவர்களில் அவர் முக்கியமானவர். விரும்பத்தகாத எண்களைக் காட்டும் வேலை மறுபடியும் அவரிடமே வந்து சேர்ந்தது.

அவருடைய தனிவாழ்வு பற்றிய விவாதம் இறப்புக்குப் பின் எழுந்தது. 1982-இல் சக விண்வெளி வீரர் ஸ்டீவன் ஹாலியை மணந்து, 1987-இல் பிரிந்தார். கணையப் புற்றுநோயால் 61 வயதில் இறந்தபோது, அவருடைய நிறுவனம் வெளியிட்ட இரங்கல் குறிப்பு, டேம் ஓஷானஸி என்ற பெண் 27 ஆண்டுகளாக அவருடைய துணைவர் என்று ஒரே வரியில் தெரிவித்தது. உயிரோடிருக்கும்போதே சொல்லியிருந்தால் எத்தனையோ இளைஞர்களுக்குத் தெம்பாக இருந்திருக்குமே என்று சிலர் வருந்தினார்கள். வருத்தம் புரிந்துகொள்ளத்தக்கது. அன்றைய நாசாவில் அதைச் சொன்னவருக்குப் பறக்கும் வாய்ப்பு நிலைத்திருக்குமா என்பது சந்தேகம். பள்ளிகளை நம்பி நடக்கும் நிறுவனத்துக்கு நிதி திரட்டிய காலத்திலும் இழப்பு சிறிதாக இருந்திருக்காது. முன்னோடி என்பதற்காக ஒருவர் தன் வாழ்வின் எல்லாப் பக்கத்தையும் பொதுவில் வைத்தாக வேண்டும் என்று கேட்பது, 1983-இல் செய்தியாளர்கள் கேட்ட கேள்விகளுக்கு உறவுமுறைதான். 2013 நவம்பரில் அதிபர் ஒபாமா ரைடுக்கு மறைவுக்குப் பின் அளித்த அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை வெள்ளை மாளிகையில் பெற்றுக்கொண்டவர் ஓஷானஸி.